பித்தளைப் பொட்டு

ஹாக்ஸ்பர், மொன்டானா
1988 அக்டோபர் 9

அன்புள்ள லைல் மாமாவுக்கு,

ஊரை விட்டுப் போகும்போது எங்கள் கொட்டகையில் நீங்கள் விட்டுப்போன தோட்டா நிரப்பும் இயந்திரத்தைத் துடைக்கும்போது முதலில் என் கண்ணில் பட்டது ஒரு பொட்டு. தோட்டாவின் அடியில் பதிப்போமே, அந்தச் சின்னப் பொட்டு. இயந்திரத்துக்குக் கீழே உள்ள கிண்ணத்தில் தூசியோடு கிடந்தது. பித்தளை நிறம். எங்கள் பெஞ்சில் எப்போதும் வெள்ளி நிறப் பொட்டுதான் இருக்கும். இதை எந்தக் கடையில் வாங்கினீர்கள்?

நலம் விசாரிக்காமலே ஆரம்பித்துவிட்டேன், மன்னிக்கவும். நீங்களும் டார்லா அத்தையும் அங்கே சுகமா? இங்கே நேற்று முதல் பனி விழுந்தது. ஜூன் மாதத் துப்பாக்கிப் போட்டியில் அப்பாவின் கையில் ரிவால்வர் வெடித்து நாலு மாதம் ஆகிறது. போன வாரம் கடைசிக் கட்டையும் பிரித்துவிட்டார்கள். வலது கையில் கட்டைவிரல் இல்லை, ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கிறது. சுத்தியலைப் பிடித்துப் பார்த்தார், நழுவிவிட்டது. இனிமேல் யாரும் அவரிடம் லாடம் அடிக்கக் குதிரை கொண்டுவர மாட்டார்கள். அம்மா முதியோர் இல்லத்துச் சமையலறையில் இரண்டு வேளையும் வேலை பார்க்கிறாள்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். நான் நடந்து போனால் பையன்கள் வாயால் வெடிச் சத்தம் போடுகிறார்கள். அப்பாவின் தோட்டாக்களை நான்தான் நிரப்புவேன் என்பது ஊருக்கே தெரியும் அல்லவா. அன்று ஆஸ்பத்திரி நடையில் துப்பாக்கி கிளப் ஆட்கள் எல்லோரும் நின்றபோது நீங்கள் சொன்னீர்கள்: "பாவம், சின்னப் பொண்ணு. புத்தி எங்கயோ போயிருக்கும், ஒரே தோட்டாவுல ரெண்டு தடவ வெடிமருந்து கொட்டிட்டா. அவள யாரும் திட்டாதீங்கப்பா." அதற்குப் பிறகு யாரும் என்னைத் திட்டவில்லை. யாரும் ஒன்றும் கேட்கவும் இல்லை.

அப்பாவும் கேட்கவில்லை. பெஞ்சுக்கு முன்னால் இருந்த என் முக்காலியை மட்டும் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டார். கோபமாக இல்லை, மெதுவாகத்தான் வைத்தார்.

இயந்திரத்தை உங்களுக்கு அனுப்பச் சொல்லி அம்மா சொன்னாள். போனில் பேசினால் எனக்கு வார்த்தை வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
மார்லிஸ்

*

யூமா, அரிசோனா
1988 அக்டோபர் 24

அன்புள்ள எலிக்குட்டிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பத்து வருஷத்தில் நீ என்னிடம் பேசிய மொத்தப் பேச்சைவிட அது நீளம்! கத்தத் தெரியாத எலிக்கு எழுதத் தெரியும் என்று டார்லாவிடம் சொல்லிச் சிரித்தேன்.

நாங்கள் சுகம். இங்கே அக்டோபரிலும் முட்டையைக் கார் மேலேயே பொரிக்கலாம். மச்சானுக்கு என் அன்பு. இடது கையாலும் ஆட்கள் எத்தனையோ வேலை செய்கிறார்கள் என்று சொல். அக்காவை ரொம்ப உழைக்க வேண்டாம் என்று சொல்.

பொட்டு விஷயம் ஒன்றுமில்லை. ஜூன் போட்டிக்கு முன்னால் பில்லிங்ஸ் கடையில் வெள்ளி நிறம் தீர்ந்துவிட்டது. இதுதான் இருந்தது, ஒரே ஒரு பெட்டி. நம் ஊரில் வேறு யாரிடமும் நீ இதைப் பார்த்திருக்க மாட்டாய். நிறம்தான் வேறு, வேலை ஒன்றுதான்.

இயந்திரத்தைக் கழற்றிப் பத்திரமாகக் கட்டி வை. ஸ்காக்ஸ்டாட் கிழவனும் கிழவியும் குளிருக்குப் பயந்து வருஷா வருஷம் இங்கேதானே ஓடி வருகிறார்கள், அவர்கள் வண்டியில் ஏற்றிவிடு. பிப்ரவரியில் பீனிக்ஸில் பெரிய போட்டி இருக்கிறது. இயந்திரம் இல்லாமல் எனக்குக் கை ஒடிந்த மாதிரி இருக்கிறது. (மன்னிக்கவும், மச்சானிடம் இந்த வரியை வாசிக்காதே.)

அலமாரியில் ஒரு காப்பி டப்பாவில் நான் நிரப்பிய தோட்டாக்கள் மிச்சம் இருக்கும். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், மாமாவின் அன்பளிப்பு.

பிடியை மட்டும் இழுத்து விளையாடாதே. அது எலிகளுக்கான வண்டி இல்லை.

லைல் மாமா

*

ஹாக்ஸ்பர்
1988 நவம்பர் 6

அன்புள்ள லைல் மாமாவுக்கு,

நீங்கள் நலம் என்று தெரிந்து அம்மா சந்தோஷப்பட்டாள். அவளுக்குக் காலில் வீக்கம். அப்பா அப்படியேதான் இருக்கிறார். காலையில் எழுந்து பூட்ஸ் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போகிறார், பத்து நிமிஷத்தில் திரும்பி வந்துவிடுகிறார். பூட்ஸ் கயிற்றை நான் கட்டிவிடுகிறேன்.

ஸ்காக்ஸ்டாட் தாத்தாவுக்கு முழங்கால் ஆபரேஷன். ஜனவரியில்தான் கிளம்புவார்களாம். அதுவரை இயந்திரம் இங்கேதான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் பிடியை இழுத்துப் பார்த்தேன். மருந்தும் இல்லை, பொட்டும் இல்லை, காலித் தோட்டாக் கூடுகள் மட்டும். எவ்வளவு அழகாக வேலை செய்கிறது! எங்கள் பழைய இயந்திரத்தில் ஒரு இழுப்புக்கு ஒரு வேலைதான். ஐம்பது கூட்டுக்கும் பொட்டு, பிறகு ஐம்பதுக்கும் மருந்து. பிறகு ஐம்பதையும் துளைப் பலகையில் நிற்கவைத்து, டார்ச் அடித்து, எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் குண்டு. உங்களுடையதில் ஒரு இழுப்புக்கு ஒரு முழுத் தோட்டாவே வந்து விழுகிறது.

ஒன்று மட்டும் புரியவில்லை. இழுத்த பிறகு வட்டத் தட்டை நாமே கட்டைவிரலால் தள்ளித் திருப்ப வேண்டியிருக்கிறது. நான் மறதிக்காரி. யாராவது கூப்பிட்டால், தட்டைத் தள்ளினேனா இல்லையா என்று சந்தேகம் வந்தால், நீங்கள் என்ன செய்வீர்கள்? படித்து முடிக்காதவள் கேட்கிறேன், கொஞ்சம் விவரமாக எழுதுங்கள்.

டார்லா அத்தைக்கு என் வணக்கம்.
மார்லிஸ்

*

யூமா
1988 நவம்பர் 20

அன்புள்ள எலிக்குட்டிக்கு,

சரிதான், உனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது! இழுக்காதே என்றால் இழுக்கிறாய். நம் குடும்பத்து ரத்தம்.

நலம் எல்லாம் நலம். டார்லா பிங்கோ ஆட்டத்தில் ஒரு வான்கோழி ஜெயித்துக்கொண்டு வந்தாள், வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு ஆச்சு. அக்காவைக் காலை உயரத்தில் வைத்துத் தூங்கச் சொல்.

உன் சந்தேகத்துக்கு வருகிறேன். டார்ச், துளைப் பலகை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவர்கள் வேலை. உன் அப்பா ஐம்பது முடிப்பதற்குள் நான் ஐந்நூறு முடிப்பேன். மறதி என்ற பேச்சே கிடையாது, விரலுக்குத் தெரியும். இழு, தள்ளு, இழு, தள்ளு. தாளம் பிடிபட்டுவிட்டால் மூளை வேண்டாம். ஜூன் போட்டிக்கு முந்தின நாள் அந்தக் காப்பி டப்பா முழுவதையும் உங்கள் கொட்டகையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் நிரப்பினேன். பக்கத்தில் டிவியில் பேஸ்பால். மூன்று தடவை எழுந்து குதித்தேன், ஒரு தடவை ஓடிப்போய் பீர் எடுத்து வந்தேன், திரும்ப உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து இழுத்தேன். டார்லாதான் சாட்சி. உன் மாமா அப்படிப்பட்ட ஆள்.

இதையெல்லாம் நீ பழக வேண்டாம். நீ கொஞ்ச நாள் தோட்டாவைத் தொடாமல் இருப்பதுதான் நல்லது, மனசு ஆறட்டும். நடந்தது நடந்துவிட்டது. நான் ஒரு நாளும் உன்னைக் குறை சொல்லமாட்டேன்.

லைல் மாமா

*

ஹாக்ஸ்பர்
1988 டிசம்பர் 4

அன்புள்ள லைல் மாமாவுக்கு,

இங்கே பூஜ்யத்துக்குக் கீழே இருபது. தண்ணீர்க் குழாய் உறைந்து, அப்பாவும் நானும் வெந்நீர்த் துணி சுற்றி இளக்கினோம். உங்கள் உடம்பு எப்படி? பீனிக்ஸ் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறீர்களா?

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நன்றி.

எனக்கு ஒரு சின்னக் கணக்கு இடிக்கிறது, உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். ஜூன் போட்டிக்கு நான் நிரப்பியது ஐம்பது. சுட வேண்டியது அறுபது. பற்றாத பத்தை வீட்டுப் பழைய பெட்டியிலிருந்து அப்பா எடுத்துக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டேன். பழைய பெட்டியை இப்போது திறந்து பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை. போன வாரம் அப்பாவிடம், "அன்னைக்கு எத்தன கொண்டு போனீங்கப்பா?" என்று கேட்டேன். "நீ குடுத்த அறுபது" என்றார். பிறகு வெளியே போய்விட்டார்.

நான் கொடுத்தது அறுபது இல்லை. கிளப் வாசல் பலகையில் பெரிதாக எழுதியிருக்கிறதே, அவரவர் நிரப்பியதை அவரவர் சுட வேண்டும் என்று. அப்பா அந்த விதியை எனக்காக மட்டும்தான் மீறுவார். அப்படியென்றால் அந்தப் பத்து எங்கிருந்து வந்திருக்கும்?

கிறிஸ்துமஸுக்கு அம்மா லெஃப்ஸா ரொட்டி சுடுகிறாள். உங்களுக்கும் அனுப்புகிறோம்.

மார்லிஸ்

*

யூமா
1989 ஜனவரி 2

மார்லிஸ் கண்ணுக்கு டார்லா அத்தை எழுதுவது,

புது வருஷ வாழ்த்துகள்! லெஃப்ஸா உடையாமல் வந்து சேர்ந்தது, சர்க்கரை தூவி இரண்டே நாளில் தீர்த்துவிட்டோம். அக்கா கால் எப்படி இருக்கிறது? மச்சான் சாப்பிடுகிறாரா?

உன் கடிதத்துக்கு உன் மாமா பதில் எழுதுவார் எழுதுவார் என்று பார்த்தேன். டிசம்பர் பூராவும் மேஜையிலேயே கிடந்தது. "குழந்த கேட்டிருக்கா, ஒரு வரி எழுதக் கூடாதா?" என்றேன். "நீயே எழுதிக்க, எனக்கு வேலை இருக்கு" என்கிறார். ஊரில் இல்லாத வேலை! டிவியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதனால் நானே எழுதுகிறேன்.

அந்தப் பத்துத் தோட்டா பெரிய ரகசியமா என்ன? உன் மாமா கொடுத்ததுதான். அன்று காலை உன் அப்பா பேர் பதியப் போயிருந்தார். மேஜைமேல் அவர் பெட்டி திறந்து கிடந்தது. இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "மச்சானுக்குப் பத்து கொறையுது. கேட்டா வாங்க மாட்டாரு, விதி கிதின்னு பேசுவாரு" என்று சொல்லித் தன் காப்பி டப்பாவிலிருந்து பத்தை எண்ணி அதில் போட்டார். "சொல்லிடாத டார்லா, அவரு கடைசிச் சுத்து சுடாம வீட்டுக்குப் போகக் கூடாது" என்றார். நல்ல மனசுதான், உனக்கே தெரியும். பிறகுதான் அந்த விபத்து நடந்துவிட்டது, இதையெல்லாம் பேசும் நேரமா அது?

சின்னப் பெண் மனசில் எதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. நீ வேண்டுமென்றா செய்தாய்? வெளியே போ, நாலு பேரோடு பழகு.

முத்தங்களுடன்,
டார்லா அத்தை

*

ஹாக்ஸ்பர்
1989 ஜனவரி 15

அன்புள்ள லைல் மாமாவுக்கு,

ஸ்காக்ஸ்டாட் தாத்தாவும் பாட்டியும் நாளை கிளம்புகிறார்கள். இயந்திரத்தைக் கட்டி அவர்கள் வண்டியில் ஏற்றிவிட்டேன். கூடவே ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. இந்தக் கடிதம் அதன்மேல் கட்டியிருக்கும். முழுவதும் படித்த பிறகு பெட்டியைத் திறங்கள்.

கொட்டகையில் மேல் தட்டில் நாடா ஒட்டிய ஒரு புகையிலை டப்பா உண்டு. ஜூனில் வெடித்துச் சிதறிய துண்டுகளைக் கிளப் ஆட்கள் பொறுக்கி அதில் போட்டுக் கொடுத்தார்கள். அப்பா அதைத் திறக்கவே இல்லை. ஏன் திறக்கவில்லை என்று ரொம்ப நாள் எனக்குப் புரியவில்லை. திறந்தால் நான்தான் என்று உறுதியாகிவிடும் என்று பயந்திருக்கிறார்.

உங்கள் இயந்திரத்தில் பித்தளைப் பொட்டைப் பார்த்த அன்றே நான் அதைத் திறந்தேன். உங்களுக்கு முதல் கடிதம் எழுதுவதற்கு முன்னாலேயே. ரிவால்வரில் தோட்டா போடும் உருளையில் பாதி இருக்கிறது. அதில் ஒரு தோட்டாவின் அடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் பொட்டு கழன்று விழவில்லை. பித்தளை நிறம்.

அதாவது அக்டோபரிலிருந்தே எனக்குத் தெரியும். மற்றதையெல்லாம் நீங்களும் அத்தையும் உங்கள் கையெழுத்திலேயே எழுதிக் கொடுத்தீர்கள். ஊரில் வேறு யாரிடமும் அந்தப் பொட்டு இல்லை என்பதை, மூன்று தடவை எழுந்து குதித்ததை, பத்தை எண்ணிப் போட்டதை. தட்டைத் தள்ள ஒரு தடவை மறந்து மறுபடி இழுத்தால் போதும், அதே கூட்டில் இன்னொரு அளவு மருந்து விழுந்துவிடும்.

தெரியாமல் நடந்த தவறு என்றால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் ஆஸ்பத்திரி நடையில் நின்றபோது உங்களுக்கு அந்தப் பத்து ஞாபகம் இருந்தது. அப்போது என் தோளில் உங்கள் கை இருந்தது. எனக்குப் பரிந்து பேசுகிற மாதிரி பேசினீர்கள்.

பெட்டியில் இருப்பது ஐம்பது தோட்டாக்கள். பயப்படாதீர்கள், நான் நிரப்பியது இல்லை. உங்கள் காப்பி டப்பாவில் மிச்சம் கிடந்தவை. எல்லாம் பித்தளைப் பொட்டு, எல்லாம் அந்த ஒரே நாளில், பேஸ்பால் பார்த்துக்கொண்டே நீங்கள் நிரப்பியவை. நீங்கள் எனக்குத் தந்த அன்பளிப்பைத் திருப்பித் தருகிறேன்.

ஒரு தோட்டாவில் இரண்டு அளவு மருந்து போட எனக்கும் தெரியும். பல நாள் பெஞ்சின் முன்னால் நின்று அதையே யோசித்தேன். போடவில்லை. இவற்றைத் தராசில் வைத்து எடை பார்க்கவும் ஆசையாக இருந்தது. பார்க்கவில்லை. எது கனமானது என்று தெரிந்தால் அனுப்ப முடியாமல் போகும். இல்லாவிட்டால், தெரிந்தே அனுப்பிவிடுவேன். இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை.

பீனிக்ஸ் போட்டியில் இந்த ஐம்பதையும் சுடுங்கள். உங்கள் விரலுக்குத்தான் தெரியுமே. ஐம்பதும் ஒழுங்காகப் போய்விட்டால் அத்தையை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். தப்பு என்னுடையதுதான் என்று நானே கிளப்புக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறேன். சுட மனசு வராவிட்டால், ஏன் வரவில்லை என்று உங்கள் கையால் எழுதுங்கள். ஏப்ரல் பிறப்பதற்குள் ஒன்றும் வராவிட்டால் புகையிலை டப்பாவை அம்மா முன்னால் திறப்பேன்.

உடல்நலம் பார்த்துக்கொள்ளுங்கள். சுடும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.
மார்லிஸ்

*

யூமா
1989 பிப்ரவரி 19

மார்லிஸ் கண்ணுக்கு,

அனைவரும் நலமா? இங்கே நலமில்லை.

அந்தப் பெட்டியில் என்னடியம்மா வைத்து அனுப்பினாய்? உன் மாமா கடிதத்தை எனக்குக் காட்ட மாட்டேன் என்கிறார், சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். பீனிக்ஸ் போட்டிக்குப் போகவில்லை. ஆறு மாதமாக அதே பேச்சாக இருந்தவர்! பேர் கொடுத்து, ஹோட்டல் அறையும் சொல்லிவிட்டு, அன்று காலை வண்டியில் ஏறி உட்கார்ந்தார். அந்தப் பெட்டி மடியில் இருந்தது. அரை மணி நேரம் சாவியைத் திருப்பவே இல்லை. இறங்கி வந்து, "வயிறு சரியில்ல" என்றார்.

மறுநாளிலிருந்து மூன்று நாள் சமையலறை மேஜையில்தான் வேலை. உன் அப்பா வைத்திருப்பாரே, குண்டைப் பிரித்தெடுக்கிற சுத்தியல், அதுபோல ஒன்று வாங்கிவந்து தட்டு தட்டு என்று ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒரு தோட்டாவுக்குப் பத்துத் தட்டு. பிரித்து, மருந்தைக் கொட்டி, நிறுத்து, எழுதிவைத்து, அடுத்தது. "அஞ்சு நிமிஷத்துல அம்பது செய்யற ஆளு, பிரிக்க மூணு நாளா?" என்று கேலி செய்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. போய்ப் பார்த்தால் தராசையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நாற்பத்தோராவதாம். எழுதிவைத்த தாளில் அதன் மருந்து மட்டும் மற்றவற்றைப்போல இரண்டு மடங்கு எடை. அந்தக் கூட்டை மட்டும் ஜன்னல் மேல் வைத்திருக்கிறார், தூசி தட்ட என்னை விடுவதில்லை. மிச்ச ஒன்பதைத் தொடவே இல்லை, வாளித் தண்ணீரில் போட்டுவிட்டார். சாப்பிடுகிறார், தூங்குவதில்லை.

எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிகிறது, மார்லிஸ். நான் அன்று அந்தக் கடிதத்தை எழுதியிருக்கக் கூடாதோ?

டார்லா

*

யூமா
1989 மார்ச் 5

அன்புள்ள எலிக்குட்டிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும்.

எட்டுத் தாள் கிழித்துப் போட்டுவிட்டேன். நீ கேட்டதை எழுதுகிறேன். ஜூன் பன்னிரண்டாம் தேதி உன் அப்பா பெட்டியில் நான் பத்துத் தோட்டா போட்டேன். கேட்காமல் போட்டேன். வெடித்தது அதில் ஒன்று. நீ நிரப்பியதில் ஒரு குறையும் இல்லை. அந்தச் சத்தம் கேட்ட நொடியே எனக்குத் தெரியும். என் முறை வந்தபோது மிச்சத்தைச் சுட எனக்குக் கை வரவில்லை, அதிலிருந்தே தெரியும்.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். யாராவது ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. நீ ஓரமாக நின்றுகொண்டிருந்தாய். நீ பதில் பேச மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அவ்வளவுதான். இதற்கு மேல் எனக்கும் விளக்கம் தெரியவில்லை. சின்னப் பெண், ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். உன் அப்பாவுக்கு உன்மேல் கோபம் வராது, என்மேல் என்றால் ஆயுசுக்கும் வரும் என்று நினைத்தேன்.

இதை நீ மட்டும் படி. படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு. அக்காவுக்கு என்னை விட்டால் கூடப் பிறந்தவர் வேறு யாரும் இல்லை. கிளப்பில் இருபது வருஷம் இருந்தவன் நான், என் பேர் அந்தச் சுவரில் இருக்கிறது. நீ இங்கே வந்துவிடு. டார்லா உனக்கென்று அறை ஒழித்து வைக்கிறேன் என்கிறாள். இங்கே பள்ளிக்கூடத்தில் உன்னை யாருக்கும் தெரியாது, புதிதாக ஆரம்பிக்கலாம். இயந்திரத்தையும் நீயே எடுத்துக்கொள்.

உன்னிடம் இதுவரை நான் எதுவும் கேட்டதில்லை.

லைல்

*

ஹாக்ஸ்பர்
1989 மார்ச் 20

லைல் மாமாவுக்கு,

முதல் கடிதத்தில் நலம் விசாரிக்க மறந்தேன். இதில் மறக்கவில்லை, விசாரிக்கவில்லை.

உங்கள் கடிதம் பதினோராம் தேதி வந்தது. அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. நான் அதை அப்பாவின் இடது கைப்பக்கம் வைத்தேன், பக்கத்தில் புகையிலை டப்பாவையும் வைத்தேன். அப்பா படிக்க ரொம்ப நேரம் ஆனது. படித்து முடித்து, முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார். உங்களைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

"அப்போ அது நீ இல்லையா?" என்றார்.

"இல்லப்பா."

"நீ இல்ல."

"இல்லப்பா. நான் அம்பதுதான் குடுத்தேன்."

வெளியே போனார். ஏணியை இழுக்கிற சத்தம் கேட்டது. பரணிலிருந்து ஒற்றைக் கையால் என் முக்காலியை இறக்கிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன், "விடு, நானே எறக்கறேன்" என்றார்.

அம்மா வேலையிலிருந்து வந்து படித்தாள். "அவன் என் தம்பி டீ" என்றாள். "கைக்கொழந்தையா இருக்கறச்சேலேர்ந்து நான் தூக்கி வளத்தவன்" என்றாள். கடிதத்தை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். அடுப்பு அவளுக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, கிளப்பின் பான்கேக் விருந்து. என்ன செய்யப் போகிறேன் என்று சனிக்கிழமையே இருவரிடமும் சொன்னேன். "நான் படிக்கறேன், நீ உக்காந்துக்கோ" என்றார் அப்பா. வேண்டாம் என்றேன். காலையில் எழுந்து பார்த்தால் அம்மா என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டியிருந்தாள்.

நீங்கள் சொன்ன மாதிரியே உங்கள் பேர் சுவரில் இருக்கிறது, மூன்று கோப்பைக்கு மேலே. நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். எனக்குச் சத்தம் போட்ட பையன்கள் பாகுச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவன் வாயைக் குவித்தான். அப்பா தன் வலது கையை மேஜைமேல் எடுத்து வைத்தார். இத்தனை மாதத்தில் வெளியே நாலு பேர் முன்னால் அந்தக் கையை அவர் காட்டியதே இல்லை. பையன் வாயை மூடிக்கொண்டான்.

செயலாளர் எழுந்து, "வேற யாராவது எதாவது பேசணுமா?" என்றார். வருஷா வருஷம் கேட்பார், யாரும் பேச மாட்டார்கள், எல்லோரும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். யூமாவில் உங்கள் வீட்டில் ஒழித்து வைத்திருக்கிற அறையை ஒரு நிமிஷம் நினைத்தேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது.

இங்கே எல்லோருக்கும் என்னைத் தெரியும்.

எழுந்து நின்றேன். உருளைத் துண்டை அதில் ஒட்டியிருக்கும் பித்தளைப் பொட்டோடு செயலாளரின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். கடிதத்தைப் பிரித்தேன். என் பேரை மாற்றிப் படிக்கலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். மாற்றவில்லை. கடைசி மேஜைக்கும் கேட்கிற மாதிரி, "அன்புள்ள எலிக்குட்டிக்கு" என்பதிலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன்.